கலைச்சொல்: மின் தாக்கலோடு வங்கிக் கணக்கிலிருந்து வரி செலுத்தும் முறை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தமிழர்களுக்கான வருமான வரிக் கையேட்டில் ‘எலக்ட்ரானிக் ஃபண்ட்ஸ் வித்ட்ராயல்’ என்பதற்கு ‘மின்னணு நிதி திரும்பப் பெறல்’ என்று வரைவில் எழுதியிருப்பதை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. வரி பற்றிய நூலில் ‘திரும்பப் பெறல்’ என்று கண்டால், கூடுதலாகக் கட்டிய பணம் நமக்கு வரப்போகிறது என்றுதான் எவரும் எண்ணுவர். இங்கோ நாம் தரவேண்டிய பாக்கியை ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க அரசின் வரித்துறை) நம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் வங்கியை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண்ணையும் கணக்கு எண்ணையும்தான் கேட்பார்கள் என்பதால், குழப்பம் இன்னும் எளிதில் நேரும்.

நண்பர் ஒருவர் பரிந்துரைத்த ‘வரிப் பிடித்தம்’ சுருக்கமானதுதான். ஆனால் அது சம்பளத்திலிருந்து முதலாளி மாதந்தோறும் கழிப்பதைக் குறிக்கும் சொல்லாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ‘வரிப்பற்று’ என்ற பரிந்துரையைப் படித்தபோது சிரிப்பு வந்ததை மறைக்கவில்லை. மொழிப்பற்று, நாட்டுப்பற்று போல வரியின் மீது பற்றுக்கொண்டவர் எவரேனும் இருந்தால் அவருக்கு அது பொருந்தலாம்.

ஆயினும் ‘பற்று’ என்ற வேர்ச்சொல்லை விட்டுவிடக் கூடாது. பற்று வரவு என்பது நம் கடைக்கணக்கிலேயே பழகிய வழக்கு. அதன் முன்னே வரவேண்டிய சொல்லைத் தேர்வதற்கு, நடைமுறை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்ப்பது நல்லது. வரி மென்பொருளிலோ வரி ஆலோசகர் வழியாகவோ வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும்போதே, எவ்வளவு தொகையை, எந்த வங்கிக் கணக்கிலிருந்து, எந்த நாளில் எடுக்கலாம் என்று நாம் குறித்துக்கொடுக்கிறோம். பிப்ரவரியிலேயே தாக்கல் செய்பவர்கூட, பணம் எடுக்கும் நாளாகக் கடைசித் தேதியான ஏப்ரல் 15-ஐக் குறிக்கலாம். தாக்கல் நிராகரிக்கப்பட்டால் பணமும் எடுக்கப்படாது. ஏற்கப்பட்ட பின்னர் தொகையையோ தேதியையோ திருத்த இயலாது. தொலைபேசியில் அழைத்து முழுவதுமாக நீக்க மட்டுமே இயலும், அதையும் குறித்த நாளுக்கு இரண்டு வங்கி வேலை நாள்களுக்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆக, தாக்கல் செய்யும் தருணத்தில் நாம் தருவது பணம் அன்று, பணத்தை எடுத்துக்கொள்வதற்கான இசைவு. குறித்த நாளில் கணக்கில் போதிய இருப்பு இல்லாமல் பற்று திரும்பிவிட்டால் வரி செலுத்தப்பட்டதாகாது என்பதோடு, தொகை 1,250 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அதில் 2 சதவீதம் அபராதமும் சேரும்.

எனவே ‘இசைவுப் பற்று’ என்பதை முன்வைக்கிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘வங்கிக் கணக்கில் இசைவுப் பற்று’ என்று விரித்து எழுதினால் போதும். ‘நேரடிப் பற்று’ இதைவிடப் பழகிய சொல் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஐ.ஆர்.எஸ். தளத்தில், தாக்கலோடு தொடர்பின்றித் தனியாகப் பணம் கட்ட உதவும் ‘டைரக்ட் பே’ என்ற சேவை இருக்கிறது. ‘நேரடி’ என்ற அடைமொழியை இங்கே பயன்படுத்தினால் அதுவும் இதுவும் ஒன்றென்று படிப்பவர் எண்ணிவிடுவார். அந்தச் சேவையின் பெயரை ஒலிபெயர்த்தே எழுதுவோம்.

‘இசைவு’ என்பதற்குப் பதிலாக ‘ஒப்புதல்’ இருக்கலாமே என்று கேட்கக்கூடும். தாக்கலை ஐ.ஆர்.எஸ். ஏற்றுக்கொள்வதை வரைவின் இரண்டாம் இயலில் ‘ஒப்புதல்’ என்றே எழுதியிருக்கிறோம். அங்கே ‘ஏற்பு’ என்று மாற்றக் குழு உடன்பட்டால், இங்கே ‘ஒப்புதல் பற்று’ என்று வைப்பதில் எனக்குத் தடையில்லை. ஓசையில் மட்டும் ‘இசைவுப் பற்று’ மேலானதாகத் தோன்றுகிறது.

அன்புடன்.