தனித்து வாழும் முதியோரைப் படமெடுக்க ஆலோசனை தேவை

வணக்கம். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, குடியாத்தம் பகுதியில் தனியே வாழும் முதியோரை அவர்களது சம்மதத்துடன் படமெடுத்து வருகிறேன். சுருங்கிய முகத்தை நெருக்கத்தில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குவது எளிது. ஆனால் அதில் இரக்கம் வருமளவுக்குத் தனிமை வருவதில்லை. நெசவாளர் வீடொன்றில், தறி எடுக்கப்பட்ட குழியைப் பலகையால் மூடி, அதன்மீது ஒற்றைத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்த பாட்டி, கேமராவைக் கண்டதும் புதுப்புடவை உடுத்தி வந்து நிமிர்ந்து நின்றுவிட்டார் (அந்தப் படமும் எனக்குப் பிடித்தே இருக்கிறது). கண்ணாடி ஓட்டின் வழியே விழும் ஒளியில், 35 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை அகலத் திறந்து எஃப் 2, ஷட்டர் 1/30 நொடி என வைத்தால் முகம் தெளிகிறது, பின்னுள்ள வெற்றறை தெளிவிழக்கிறது; துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலோ ஷட்டர் அரை நொடியாகி, முக்காலி இருந்தும் அவர் உருவம் அசைந்துவிடுகிறது. ஃபிளாஷ் இன்றி ஆளையும் அறையையும் ஒருசேரத் தெளிவாக எடுக்கும் வழியை அனுபவமுள்ளோர் கூற வேண்டுகிறேன்.