1964 யூசிஎல்ஏ அணியின் 2-2-1 பிரஸ்: உயரமில்லாத ஐவர் 30-0 போனது எப்படி?

கூடைநிழல் (கேள்வி)

யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கூடைப்பந்து அணிக்கு 1964 முதல் 1975 வரை 12 சீசனில் 10 என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பட்டம். நெடிய ஆட்டக்காரர்களான ஆல்சிண்டரும் (பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார்) வால்டனும் ஆடிய வருடங்களில் ஜெயித்ததில் வியப்பில்லை. எனக்குப் பிடிபடாதது முதல் பட்டம்தான். 30 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காத 1963-64 அணியின் தொடக்க ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. ஜான் வுடன் 1948-லேயே கோச்சாக வந்துவிட்டார்; 15 சீசன் பட்டம் இல்லை. 16-வது சீசனில் என்ன மாறியது? பிரஸ் என்கிறார்கள், அதாவது எதிரணி பந்தைக் கொண்டுவரத் தொடங்கும் இடத்திலேயே களம் முழுக்க நெருக்கும் தடுப்பாட்டம்; 2-2-1 என்பது ஆட்கள் நிற்கும் வரிசை. யார் எங்கே நிற்பார், எந்த நேரத்தில் இருவர் சேர்ந்து மடக்குவார்கள்? இன்னொன்று: காலுறை போடச் சொல்லிக்கொடுத்தார் என்பதெல்லாம் உண்மையா, பிற்காலப் புகழ்ச்சியா?

பக்கக்கோடு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்த பிரஸ்ஸின் முதல் நோக்கம் பந்தைப் பறிப்பதல்ல, எதிரணியை ஓட வைப்பது. அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக் (இத்தனை விநாடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்ற கெடு) கிடையாது, 1985-86-ல்தான் வந்தது. உயரமான அணி பந்தை நிதானமாகக் கொண்டுவந்து, தன் சென்டருக்கு (கூடைக்கடியில் ஆடும் உயரமான ஆள்) வாய்ப்பு அமையும்வரை காத்திருக்கலாம். குள்ளமான அணிக்கு அதைவிடக் கேடு வேறில்லை. உதவிக் கோச் ஜெரி நார்மன் இந்த பிரஸ்ஸை வலியுறுத்தினார், வுடன் ஒப்புக்கொண்டார்.

முன்வரிசையில் கெயில் குட்ரிச், ஃபிரெட் ஸ்லாட்டர். நடுவரிசையில் வால்ட் ஹசார்ட், ஜாக் ஹிர்ஷ். கடைசியில் தனியாக கீத் எரிக்சன். இவர் அதே 1964-ல் அமெரிக்க வாலிபால் அணியில் ஒலிம்பிக் ஆடியவர். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்துத் தாவும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

யூசிஎல்ஏ கூடை போட்டதும் ஐவரும் இடத்துக்கு ஓடிவிட வேண்டும். இன்பவுண்ட் பாஸை (களத்துக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவதை) தடுப்பதில்லை. மூலைப்பக்கமாக உள்ளே வர விடுவார்கள். பந்து வாங்கியவருக்கு நடுக்களத்தை அடைத்து, பக்கக்கோட்டை மட்டும் திறந்து வைப்பார் முன்வரிசை ஆள். அவர் கோட்டோரமாகப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஏறும்போது, பாதிக்கோட்டுக்குச் சற்று முன்னால் நடுவரிசை ஆள் எதிரே வந்து நிற்பார். பின்னால் முன்வரிசை ஆள், முன்னால் இவர், ஒரு பக்கம் கோடு. 10 விநாடிக்குள் பந்தைப் பாதிக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்ற விதி வேறு துரத்துகிறது. அப்போது அவசரத்தில் கையைவிட்டுப் போகும் உயரப் பாஸுக்காகத்தான் எரிக்சன் பின்னால் காத்திருப்பார்.

மற்ற இருவரின் வேலையில்தான் பெரும்பாலான அணிகள் கோட்டை விடுகின்றன. எதிர்ப்பக்க முன்வரிசை ஆள் நடுவுக்கு இறங்க வேண்டும். எதிர்ப்பக்க நடுவரிசை ஆள் களத்தின் மத்தியைத் தாண்டி, கோட்டோர அடுத்த பாஸ் வரும் வழிக்கு நகர வேண்டும். இவர்கள் ஒரு நொடி பிந்தினாலும் ஒரே பாஸில் பிரஸ் உடைந்து, மூவருக்கு ஒருவராக எரிக்சன் மாட்டிக்கொள்வார்.

1964 இறுதியாட்டத்தையே பாருங்கள். டியூக் அணியில் 6 அடி 10 அங்குலத்தில் இரண்டு பேர். 30-27 என்று முன்னிலையில் இருந்தவர்கள், இரண்டரை நிமிடச் சொச்சத்தில் 43-30 என்று பின்தங்கினார்கள். தொடர்ந்து 16 புள்ளி! முடிவு 98-83.

எட்டுத்தட்டு

காலுறைக் கதை உண்மைதான். சீசனின் முதல் நாள் பாடமே அதுதான். சுண்டுவிரல் பக்கமும் குதிகாலிலும் கையால் தடவி மடிப்பை எடுக்க வேண்டும். ஷூ நாடாவை மேலிருந்து ஒரே இழுப்பாக இழுக்காமல் ஒவ்வொரு துளையாக இறுக்கி வர வேண்டும். கடைசியில் இரட்டை முடிச்சு. ஒரு மடிப்பு இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். களம் முழுக்க பிரஸ் ஆடும் அணிக்கு இது சின்ன விஷயமே அல்ல.

பயிற்சி சுமார் இரண்டு மணி நேரம். எந்த நிமிடம் என்ன பயிற்சி என்று 3-க்கு 5 அங்குல அட்டையில் எழுதி வைத்திருப்பார். அதைத் திட்டமிட உதவிக் கோச்சுகளோடு காலையில் ஏறக்குறைய அதே அளவு நேரம் உட்காருவார். பழைய குறிப்புகளையும் பத்திரமாக வைத்திருந்ததால், போன வருடம் இதே நாளில் என்ன செய்தோம் என்று புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

புகழ்ச்சியா என்று கேட்டீர்களே, எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 1974-75 சீசனில் இரண்டு உளவியலாளர்கள் 15 பயிற்சிகளுக்குப் போய், வுடன் சொன்னதையும் செய்ததையும் 2,326 செயல்களாகப் பதிந்தார்கள். பாராட்டு 6.9 சதவீதம், அதிருப்தி 6.6 சதவீதம். சுமார் 75 சதவீதம் எதை, எப்படிச் செய்வது என்ற தகவல் மட்டுமே. எனக்கு எந்தக் கோப்பையையும்விட இந்தக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

ரசிகர் மரபில் முக்கியமானது எட்டுத்தட்டு: ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக் கைதட்டல், 'யூ' என்று கத்தி மூன்று தட்டு, 'சி', 'எல்', 'ஏ' ஒவ்வொன்றுக்கும் அதேபோல, பிறகு நான்கையும் சேர்த்துச் சொல்லி 'ஃபைட்' மூன்று முறை. யூசிஎல்ஏ ஆடும் பாலி அரங்கின் களத்துக்கு 2003-ல் 'நெல் அண்ட் ஜான் வுடன் கோர்ட்' என்று பெயர் வைத்தார்கள். மனைவியின் பெயர் முதலில் வர வேண்டும் என்று கேட்டது அவர்தான்.

நடுவட்டம்

புகழோடு மற்றதையும் பதிந்து வைப்போம். யூசிஎல்ஏ தொடர்ந்து 88 ஆட்டம் ஜெயித்ததற்கு முன்பும் பின்பும் இருக்கும் தோல்வி ஒரே எதிரணியிடம், நோட்டர் டேமிடம்: 1971 ஜனவரி, 1974 ஜனவரி. இரண்டாவதில் மூன்றரை நிமிடம்கூட இல்லாதபோது 70-59 என்று யூசிஎல்ஏ முன்னிலை. நோட்டர் டேம் தொடர்ந்து 12 புள்ளி எடுத்து 71-70 என்று முடித்தது; அதில் ஒரு கூடை திருடப்பட்ட இன்பவுண்ட் பாஸிலிருந்து வந்தது. 1964-ல் டியூக்குக்கு நேர்ந்தது இவர்களுக்கே நேர்ந்தது. 1981-ல் என்சிஏஏ இந்த அணியைத் தண்டித்து, 1980-ன் இரண்டாமிடத்தைப் பதிவிலிருந்து நீக்கியதையும் சேர்த்தே வரலாற்றைப் படிக்க வேண்டும்.

கூடைநிழல்

நன்றி நண்பர்களே. பக்கக்கோடு, ஒரு சந்தேகம்: எதிரணியின் உயரமான ஆள் நடுக்களத்துக்கு ஓடிவந்து பாஸ் வாங்கினால்?

பக்கக்கோடு

2-2-1-ஐ உடைக்க அதுதான் சரியான வழி. மடக்கில் நிற்கும் இருவரும் கையைத் தாழ்த்திப் பந்தைத் தட்டப் போனால் அந்தப் பாஸ் எளிதாகப் போய்விடும், ஃபவுலும் விழும். கைகள் தலைக்கு மேலே இருக்க வேண்டும், இருவர் முழங்காலுக்கும் நடுவே இடைவெளி கூடாது. அதையும் மீறிப் போனால் துரத்திப் பறிக்க முயலாமல், ஐவரும் நேராகத் தங்கள் கூடைக்கடியில் ஓட வேண்டும். வந்தவர் தன் சென்டர் வருவதற்குள் அவசரமாக ஷாட் அடித்தால் நல்லது, அந்த வேகம்தான் நமக்கு வேண்டியது.