1 ஜிபிபிஎஸ் லைன் போட்டும் ரெப்ளிகேஷன் விநாடிக்கு 15 எம்பியைத் தாண்டவில்லை

அம்பத்தூர்_அட்மின்:
வணக்கம். ஒரு நிதி நிறுவனத்தில் ஸ்டோரேஜ் என் பொறுப்பு. மெயின் டேட்டா சென்டர் அம்பத்தூரில், டிஆர் (பேரிடர் வந்தால் கைகொடுக்கும் மாற்று மையம்) ஹைதராபாத்தில். இரண்டு பக்கமும் ஒரே மாடல் ஆல்-ஃபிளாஷ் ஸ்டோரேஜ் பெட்டி, ஐபி வழியாக அசிங்க் ரெப்ளிகேஷன், அதாவது இங்கே எழுதியதன் நகல் சற்றுப் பின்தங்கி அங்கே போய்ச் சேரும். ஆர்பிஓ (விபத்து நடந்தால் அதிகபட்சம் எத்தனை நேரத் தரவை இழக்கலாம் என்ற வரம்பு) 15 நிமிடம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

முன்பு 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) லைன். எப்போதும் நிரம்பியே இருக்கும், விநாடிக்கு 11 எம்பி (மெகாபைட்; 8 பிட் ஒரு பைட்) போகும். ஆறு மாதம் மன்றாடி 1 ஜிபிபிஎஸ் வாங்கினேன். இப்போது 14.5 எம்பி, அவ்வளவுதான். மாதக் கடைசியில் இரவு 11 மணிக்கு வட்டிக் கணக்கு பேட்ச் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடியும். அதற்குள் 210 ஜிபி மாறிவிடுகிறது. அது முழுக்க ஹைதராபாத் போய்ச் சேர விடியற்காலை 3 மணி ஆகிறது. நடுவில் இங்கே ஏதாவது ஆனால் இரண்டரை மணி நேரக் கணக்கு போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்தவன் நான். அதனால் அந்த இரண்டரை மணி நேரமும் எனக்குத் தூக்கம் வராது.

பெட்டியின் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் லேட்டன்சி 1 மில்லிசெகண்டுக்குக் கீழே. த்ராட்டில் (வேகக் கட்டுப்பாடு) எதுவும் போடவில்லை. பிங் (ஹைதராபாத் போய்த் திரும்பும் நேரம்) 18 மில்லிசெகண்ட். கிராஃப் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. எங்கே பார்க்கலாம்?

பழைய_கேபிள்:
அந்த நேர்கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. லைனில் நெரிசல் என்றால் கிராஃப் ஏறி இறங்கும். அசையாமல் நிற்கிறது என்றால் எங்கேயோ ஒரு அளவு கட்டிப்போட்டிருக்கிறது. ரெப்ளிகேஷனுக்கு எத்தனை டிசிபி செஷன் (இணைப்பு) திறக்கிறது?

அம்பத்தூர்_அட்மின்:
நான்கு, அண்ணா. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் இரண்டு.

பழைய_கேபிள்:
அப்படியானால் கணக்கு சரியாக வருகிறது. விண்டோ ஸ்கேலிங் (பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பக்கூடிய அளவைப் பெருக்கும் வசதி) இல்லாவிட்டால் டிசிபி ஒரே மூச்சில் 65,535 பைட்தான் அனுப்பும். அதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கும். 18 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை 64 கேபி என்றால் விநாடிக்கு 3.6 எம்பி. நான்கு செஷனுக்கு 14.5. உங்கள் எண் அப்படியே வந்துவிட்டது. முன்பு 100 எம்பிபிஎஸ் லைனே தடையாக இருந்ததால் இந்தத் தடை வெளியே தெரியவில்லை.

1 ஜிபிபிஎஸ் லைனை 18 மில்லிசெகண்ட் தூரத்துக்கு நிரப்ப எந்த நேரமும் 2.25 எம்பி வழியில் இருக்க வேண்டும். உங்களிடம் கால் எம்பிதான் இருக்கிறது. பெட்டியில் பஃபர் அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் பாக்கெட் கேப்ச்சர் (லைனில் போகும் பாக்கெட்களின் பதிவு) எடுங்கள். இணைப்பைத் தொடங்கும் முதல் சின் பாக்கெட் போதும், விண்டோ ஸ்கேல் அதில்தான் பேசி முடிவாகும்.

டிபிஏ_கோவை:
குறுக்கே ஒரு வார்த்தை. ஆர்பிஓ பிரச்சினை என்றதும் "சிங்க் ரெப்ளிகேஷனுக்கு மாறிவிடலாமே" என்று யாராவது மீட்டிங்கில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ரீடோ லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) எழுத்தும் ஹைதராபாத் போய்த் திரும்பும்வரை கமிட் (மாற்றத்தை உறுதிசெய்வது) காத்திருக்கும். அரை மில்லிசெகண்டில் முடிந்த வேலை 18 மில்லிசெகண்டைத் தாண்டும். ஃபைபரில் ஒளிக்கே 1 கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் ஆகிறது, அதை எந்த டியூனிங்கும் குறைக்காது.

அப்புறம், டேட்டாபேஸின் டெம்ப் டேபிள்ஸ்பேஸ் (தற்காலிக வேலைக்கான இடம்) இருக்கும் வால்யூமையும் அனுப்புகிறீர்களா? பேட்ச் ஓடும்போது சார்ட் எல்லாம் அங்கேதான் கொட்டும். டிஆரில் அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.

அம்பத்தூர்_அட்மின்:
கண்டுபிடித்துவிட்டோம். நேற்று இரவு 2 மணிக்கு நெட்வொர்க் குழுவோடு உட்கார்ந்து கேப்ச்சர் எடுத்தோம். அம்பத்தூரில் கிளம்பும் சின் பாக்கெட்டில் விண்டோ ஸ்கேல் 7 என்று தெளிவாக இருக்கிறது. அதே பாக்கெட் ஹைதராபாத்தில் இறங்கும்போது அந்த மூன்று பைட்டும் வெறும் நோ-ஆப் (அர்த்தமில்லாத நிரப்பு). நடுவில் இருந்த எங்கள் ஃபயர்வாலில், எப்போதோ எழுதிய ஒரு விதி டிசிபி ஆப்ஷன்களைத் துடைத்துக்கொண்டிருந்தது. லைனைக் குறை சொல்லி எத்தனை மெயில் போட்டிருப்பேன்!

விதியை மாற்றியும் முதலில் ஒன்றும் நகரவில்லை. பழைய செஷன்கள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. ரெப்ளிகேஷனை நிறுத்தி மறுபடி தொடங்கியதும் 40 எம்பிக்கு ஏறியது. ஆனால் இப்போது கிராஃப் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது.

பழைய_கேபிள்:
ரம்பப் பல் என்றால் பாக்கெட் தொலைகிறது. பாக்கெட் இழப்பை வைத்து டிசிபி வேகத்தைக் கணக்கிடும் மாத்திஸ் சூத்திரப்படி, 10,000 பாக்கெட்டில் ஒன்று போனாலே 18 மில்லிசெகண்ட் தூரத்தில் ஒரு செஷன் சுமார் 10 எம்பியில் நின்றுவிடும். நான்குக்கு 40. லைன் கொடுப்பவர் பக்கம் போலீசர் இருக்கும், 1 ஜிபிபிஎஸ்ஸைத் தாண்டிய நொடியே பாக்கெட்டைக் கீழே போடும். உங்கள் ரவுட்டரிலேயே 900 எம்பிபிஎஸ்ஸுக்கு ஷேப் செய்யுங்கள் (வேகத்தை மட்டுப்படுத்துங்கள்), பாக்கெட் தொலையாமல் வரிசையில் நிற்கும்.

அம்பத்தூர்_அட்மின்:
செய்தேன் அண்ணா. விநாடிக்கு 100 எம்பி நிலையாகப் போகிறது. கோவை நண்பர் சொன்னதும் உண்மை. டெம்ப் வால்யூமை நீக்கியதும் 210 ஜிபி 150 ஆகிவிட்டது. இந்த மாதக் கடைசி பேட்சில் அதிகபட்சமாகப் பின்தங்கியது 6 நிமிடம். பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.