புதுப்பிப்பு: அல்சூர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம்

ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று மறைந்த ஒருவரின் மனைவியான, பெங்களூர் அல்சூரைச் சேர்ந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்காமல் இழுபடுவதைப் பற்றி இங்கே கேட்டிருந்தேன். அது இப்போது வரத் தொடங்கிவிட்டது. அம்மாவின் பெயரோடு ஓய்வூதிய ஆணையில் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருந்ததே சிக்கல்.

வங்கியை மறுபடி அணுகச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய முறைக்கு மாறிய பிறகு பெயரைத் திருத்துவது வங்கியின் வேலையன்று. படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் தன் பதிவேட்டைச் சரிபார்த்துப் பரிந்துரைத்தால்தான் பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்த ஆணை வரும். நல்லவேளையாக, சாப்பர்ஸின் அந்த அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது. டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பட்டுப்புடவையில் சுற்றிக் கிடந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை அம்மா எடுத்துத் தந்தார். மனைவி பெயர் எழுதப்பட்டிருந்த அந்த ஒரு பக்கமும் பிரமாணப் பத்திரமும் போதுமானவையாக இருந்தன. கணவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் வந்தது.

கடைசிச் சம்பளம் முழுவதும் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களுக்கான தாராளமாக்கப்பட்ட குடும்ப ஓய்வூதியம். பணியின் காரணமாக நேர்ந்த மரணத்துக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். இவருக்குரியது சாதாரண வகை, பொதுவாக 30 சதவீதம். ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று தருவதை மறந்தால் இதுவும் நின்றுவிடும்.

முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான இசிஹெச்எஸ் மருத்துவத் திட்ட அட்டையில் பழைய முதலெழுத்தே இருப்பதால், திருத்த ஆணையின் நகலோடு அதற்கும் விண்ணப்பித்திருக்கிறோம்.