பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு எந்த ரிவெர்ப் பெடல் பொருந்தும்?

பத்துக்கம்பி:

அனைவருக்கும் வணக்கம். ஈ9 எனப்படும் சுருதியமைப்பு கொண்ட பத்துக் கம்பிப் பெடல் ஸ்டீல் கிட்டாரை மூன்று ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கம்பிகளின் மேல் ஸ்டீல் பாரை நகர்த்தியும், காலால் பெடல்களை மிதித்துச் சுருதியை மாற்றியும் வாசிக்கும் கருவி அது. பழைய தமிழ்த் திரைப்பாடல்களின் மெட்டுகளை அதில் வாசிப்பதுதான் என் ஆசை. எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நண்பர்களோடு அவ்வப்போது மேடையேறுவதும் உண்டு. என் ஆம்பிளிஃபையரில் ரிவெர்ப், அதாவது ஒலிக்கு எதிர்முழக்கம் சேர்க்கும் வசதி, இல்லாததால், சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீட்டில் வாசிக்கும்போது ஒலி மிகவும் வறண்டிருக்கிறது.

சென்ற மாதம் பழைய ரிவெர்ப் பெடல் ஒன்றை வாங்கி, கிட்டாருக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவில் இணைத்து, ஸ்பிரிங் (சுருள்கம்பியின் அதிர்வைப் போன்ற ஒலி) வகையில் வைத்து வாசித்தேன். தனித்தனி ஸ்வரங்கள் அழகாகவே ஒலித்தன. ஆனால் ஸ்டீல் பாரை நகர்த்திக் கமகம் கொடுத்தவுடன் எல்லாம் கலங்கிவிடுகிறது. கம்பிகளின் மேல்ஸ்தாயிப் பளிச்சும் மங்கிவிட்டது. இனி ஒரே ஒரு பெடல்தான் வாங்க முடியும் என்பதால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வீணைவழி:

நான் பல ஆண்டுகளாகக் கோட்டுவாத்தியம் வாசிப்பவன். அதிலும் கம்பியின் மேல் கட்டையை நகர்த்தித்தான் ஸ்வரத்தைப் பிடிக்கிறோம் என்பதால், நீங்கள் சொல்லும் கலங்கல் எனக்கு நன்கு பழக்கமானது. பியானோவில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது ரிவெர்ப் பிடித்துவைப்பது அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டுமே. நாம் ஸட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு வழுக்கும்போதோ, இடையில் உள்ள ஒவ்வொரு சுருதிப் புள்ளியையும் அது பிடித்துக்கொண்டு, அதன் வால், அதாவது தேய்ந்து மறையும் எதிர்முழக்கம், அடங்கும்வரை ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிக்கச் செய்கிறது.

உங்கள் கருவியில் இதைவிடக் கடுமையான ஓர் இடமும் உண்டு. பி எனப்படும் கால்பெடலை மிதிக்கும்போது மூன்றாவது, ஆறாவது கம்பிகள் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு அரைச் சுருதி ஏறுகின்றன. ரிவெர்ப் நீண்டிருந்தால் பழைய ஜி ஷார்ப் புதிய ஏ-வோடு உரசிக்கொண்டே நிற்கும். ஏ பெடலும் சேரும்போது ஈ மேஜர் முழுவதும் ஏ மேஜராக மாறுவதால், இரண்டு கார்டுகள் (ஸ்வரக் கூட்டுகள்) ஒரே நேரத்தில் காதில் விழும்.

ஆகவே வால் அடங்கும் நேரத்தை ஒன்று முதல் ஒன்றரை விநாடிக்குள் வையுங்கள். அதைவிட முக்கியமானது ப்ரீடிலே எனப்படும் முன்தாமதம். அதை 30 மில்லிவிநாடி அளவில் வைத்தால், ஐந்து மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் பட்டு ஒலி திரும்பி வருவதற்கு ஆகும் நேரம்தான் அது. கம்பியை மீட்டும் கணமும் கமகத்தின் தொடக்கமும் தெளிவாகக் கேட்ட பிறகே ரிவெர்ப் வந்து சேரும். ப்ரீடிலேக்குத் தனிக் குமிழ் இல்லாத பெடலை, கமகம் வாசிக்கும் ஒருவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒலிப்பேழை:

மேடை ஒலியமைப்பு என் தொழில். மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மெதுவான பாடல்களுக்கு ஒன்றரை விநாடி போதாது, இரண்டு வரை போகலாம் என்பது என் கருத்து.

முதலில் இணைப்பு வரிசையை மாற்றுங்கள்: கிட்டார், வால்யூம் பெடல், ரிவெர்ப், ஆம்பிளிஃபையர். ஸ்வரம் தேயத் தேய வால்யூம் பெடலைத் திறந்து அதை நீட்டிப்பதுதான் இந்தக் கருவியின் உயிர். ரிவெர்ப் அதற்கு முன்னால் இருந்தால் வால்யூம் பெடலைத் திறக்கும்போது வாலும் சேர்ந்து பெருகும். மூடும்போது வெட்டுப்பட்டதுபோல் நின்றுவிடும். பின்னால் இருந்தால் பெடலை மூடிய பிறகும் வால் இயல்பாகத் தேய்ந்து அடங்கும்.

பளிச்சு மங்கியதற்குக் காரணம், பழைய பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பு குறைவாக இருப்பதாக இருக்கலாம். கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பெடல் ஸ்டீல் பிக்கப்புகளில் கம்பிச் சுற்றுகள் மிக அதிகம். 17, 18 கிலோ ஓம் மின்தடை உள்ளவை சாதாரணம். ஒரு மெகா ஓம் உள்ளீடு இல்லாத பெடலை நேரடியாக இணைத்தால் அது மேல்ஸ்தாயியை விழுங்கிவிடும்.

வகையைப் பொறுத்தவரை, ஸ்பிரிங் ஒலிக்கு இந்தக் கருவியோடு நீண்ட உறவு உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1961இல் தனிப்பெட்டியாகவும் 1963இல் ஆம்பிளிஃபையருக்குள்ளும் அதைக் கொண்டுவந்தது. அதன் ட்வின் ரிவெர்ப் இன்றும் ஸ்டீல் கலைஞர்கள் விரும்பும் ஆம்பிளிஃபையர். ஆனால் விரல்களில் பிக் அணிந்து அழுத்தி மீட்டும்போது ஸ்பிரிங் தண்ணீர் தெறிப்பதுபோல் சிதறும். ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த, எஃகுத் தகட்டை அதிரவைக்கும் 140 என்ற ரிவெர்ப் கருவியைப் பின்பற்றும் பிளேட் வகையில் அந்தத் தெறிப்பு இல்லை. உங்கள் வாசிப்புக்கு நான் அதையே சொல்வேன்.

ஸ்ட்ரைமன் நிறுவனத்தின் ப்ளூஸ்கை பெடலில் பிளேட், ரூம், ஸ்பிரிங் மூன்றும் உண்டு; ப்ரீடிலேக்கும், வாலின் கீழ்ஸ்தாயியை மட்டும் குறைப்பதற்கும் தனித்தனிக் குமிழ்கள் இருக்கின்றன. பத்தாவது கம்பியின் பி ஸ்வரம் ஏறத்தாழ 123 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தக் கீழ்ஸ்தாயிக் குமிழ் உங்களுக்கு மிகவும் பயன்படும். பாஸ் நிறுவனத்தின் ஆர்வி-6 பெடல் எளிமையானது, உறுதியானது, பிளேட்டும் கொண்டது. ஆனால் ப்ரீடிலே குமிழ் இல்லை.

கருவியைத் தூக்கிக்கொண்டு பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளுக்குப் போவது கடினம். ரிவெர்ப் இல்லாமல் கமகம் நிறைந்த இரண்டு நிமிட வாசிப்பைப் பதிவுசெய்து கொண்டுபோய், கடையில் அதைப் பெடலுக்குள் செலுத்திக் கேளுங்கள். கலங்கல் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

பத்துக்கம்பி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பழைய பெடலையே வால்யூம் பெடலுக்குப் பின்னால் மாற்றி, வாலையும் குறைத்து வாசித்தேன். பி பெடலை மிதிக்கும்போது இருந்த உரசல் பெருமளவு குறைந்துவிட்டது. மீட்டும் கணத்தின் சிதறல்தான் மிச்சம். சனிக்கிழமை பதிவோடு கடைக்குச் சென்று ப்ளூஸ்கையின் பிளேட்டைக் கேட்கப்போகிறேன். வீட்டில் வைக்கும் அளவையே மன்ற அரங்கிலும் வைத்துக்கொள்ளலாமா?

ஒலிப்பேழை:

வேண்டாம். அரங்கின் சுவர்களே எதிர்முழக்கம் தரும். அங்கே ரிவெர்ப் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை வைக்கும் மிக்ஸ் குமிழைப் பாதியாகக் குறைத்துத் தொடங்குங்கள், ஒலியமைப்பாளரிடம் உங்கள் தடத்துக்கு அவர் தனியாக ரிவெர்ப் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ப்ளூஸ்கைக்கு 9 வோல்ட்டில் 250 மில்லிஆம்பியர் தேவை. பழைய பெடலின் அடாப்டரை அதில் செருகும் முன் அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.