புதுப்பிப்பு: இரவு ஷிஃப்ட்டும் என் தூக்கமும்

மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன்: திண்டுக்கல் பக்கம் நூற்பாலையில் தொடர்ந்து இரவு ஷிஃப்ட், பகலில் நாலு மணி நேரம்கூடத் தூக்கமில்லை, காலையில் பைக் ஓட்டும்போது கண் சொருகுகிறது என்று. என்ன ஆச்சு என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. நோய் இல்லை, ஆனால் அதன் வாசல். பகலில் சாப்பிடுவதையே நடு இரவில் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும், உடம்பின் கடிகாரம் அப்போது இன்சுலினுக்குச் சரியாக ஒத்துழைக்காது என்றார் டாக்டர். அதனால் ராத்திரி பரோட்டாவை விட்டுவிட்டேன். வேலைக்குக் கிளம்பும் முன்பே சாப்பாடு, ராத்திரி 2 மணிக்கு மேல் டீ கிடையாது.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். வெளிச்சம் பட்டால் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு குறைந்துவிடும். நான் எழுந்திருக்கும்வரை அம்மா மிக்ஸியைத் தொடுவதில்லை. இப்போது ஆறு மணி நேரம் தூங்குகிறேன். பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில்தான் வருகிறேன்.

அப்புறம் முக்கியமான விஷயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2019-ல் இரவு ஷிஃப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவிலேயே மறுபடி வைத்தது. இதை மேஸ்திரியிடம் சொன்னேன். பகல், மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். உடம்புக்கு அந்த வரிசைதான் எளிது. எனக்கு மட்டும் வேண்டாம், பல வருஷமாக ராத்திரியில் நின்று நூற்பு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர் அக்காக்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் முடிவு தெரியும்.