ஸதின்னா ஞாபகமா, கவனமா? ஒரு திராட்சைப் பஞ்சாயத்து

பாலிப்பித்தன்: நேத்து ஆபீஸ்ல ஒரு பயிற்சியாளர் ஆளுக்கு ஒரே ஒரு உலர்திராட்சை குடுத்து கால் மணி நேரம் மெல்லச் சொன்னார். "எதையும் எடைபோடாம இந்தக் கணத்துல இருக்கறதுதான் புத்தர் சொன்ன ஸதி"ன்னு முடிச்சார். எரிச்சல். 1881ல ரீஸ் டேவிட்ஸ்ங்கற பாலி அறிஞர் ஸதியை மைண்ட்ஃபுல்னஸ்னு மொழிபெயர்த்தார், 1979ல மாசசூசெட்ஸ்ல கபட்-ஜின் அதை நோயாளிகளுக்குப் பாடமாக்கினார், இப்போ திராட்சையா வந்து நிக்குது. ஸதிங்கறது புத்தர் உரைகள் இருக்கற பாலி மொழிச் சொல், அர்த்தம் நினைவு. சமஸ்கிருதத்துல ஸ்மிருதி. அந்த உரைகளோட ஒரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்துல ஸதிக்கு விளக்கமே "சிரகதம்பி சிரபாஸிதம்பி", அதாவது ரொம்ப நாள் முன்னாடி செஞ்சதையும் சொன்னதையும் நினைவுல வச்சிருக்கறது.

மூச்சுவிடு: மூணு தடவை பத்து நாள் தியான முகாம் போனவன் நான். அங்க யாரும் பழங்கதையை ஞாபகப்படுத்தச் சொல்லல. நீள மூச்சுன்னா நீளம்னு அறி, சதியை நிலைநிறுத்தறதைப் பத்தின புத்தர் உரை, சதிபட்டான சுத்தத்துலயே இருக்கு. இதுல ஞாபகம் எங்க வந்துச்சு?

பாலிப்பித்தன்: தம்பி, அங்க "அறிகிறான்"ங்கற வினை பஜானாதி. ஸதி இல்ல. ஸதியோட மூச்சு விடறான், அப்புறம்தான் அறியறான். ரெண்டும் ஒண்ணுன்னா ரெண்டு சொல் எதுக்கு? மறுபடியும் சொல்றேன், சிரகதம்பி.

மூச்சுவிடு: தம்பின்னு கூப்பிடாதீங்க. எனக்கு 54 வயசு.

கொடைரோடு: சதின்னு எழுதாதீங்கப்பா. யாரோ யாரையோ கவுக்கப் போற மாதிரியே இருக்கு.

மூச்சுவிடு: கிரந்தம் இல்லாமதான் எழுதுவேன். போன மாசம் "விபஸ்ஸனா"ங்கற தியானத்தோட பேருக்கும் இதே வம்புதான் பண்ணீங்க.

பாலிப்பித்தன்: அன்னிக்கு யார் பதில் சொல்லாம ஓடினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

நடுப்பக்கம்: "அவருக்கு நினைவு தப்பிருச்சு"ன்னா குறள் மறந்துட்டார்னா அர்த்தம்? "பால் அடுப்புல இருக்கு, நினைவா இரு"ன்னு எங்கம்மா சொல்லுவாங்க. பாலையும் மறக்கக் கூடாது, கண்ணும் பால் மேல இருக்கணும். நம்ம சொல்லே ரெண்டுக்கும் சேர்த்துதானே?

பாலிப்பித்தன்: பால் பொங்கினதுக்கு நன்றி. புத்தரே ஒரு உவமை சொல்லியிருக்கார். ஒருத்தன் கையில தளும்பத் தளும்ப எண்ணெய்ப் பாத்திரம். ஒரு பக்கம் ஜனக்கூட்டம், ஒரு பக்கம் பேரழகி ஆடறா. பின்னாடி உருவின வாளோட ஒரு ஆள், ஒரு சொட்டு சிந்தினா தலை போயிடும். இவன் எடைபோடாமலா நடந்தான்? தப்பான ஸதின்னே ஒண்ணு இருக்குங்க, மிச்சாஸதி. எடை போடாம எது சரி எது தப்புன்னு எப்படித் தெரியும்?

மூச்சுவிடு: அந்தப் பாத்திரம்னா உடம்பு மேல வைக்கிற சதின்னு அங்கயே சொல்லியிருக்கு. அவன் பாத்திரத்தைப் பார்த்தானா, பத்து வருஷம் முன்னாடி தின்னதை நினைச்சானா? எடுத்துக் குடுத்ததுக்கு நன்றி.

பாலிப்பித்தன்: சிந்தினா தலை போகும்ங்கறதை மறக்காம இருந்தான்ல? சிரகதம்பி.

மூச்சுவிடு: உங்க சிரகதம்பிக்கு அடுத்தாப்லயே "உடம்பை உடம்பாகக் கண்டு"ன்னு சதியை நிலைநிறுத்தற நாலு இடமும், அதான் நாலு பட்டானமும் வருது. பாதியை வெட்டி ஒட்டறது யாரு?

பாலிப்பித்தன்: அது சம்யுத்த நிகாயத்தோட 48ஆம் பகுதியில பத்தாவது சுத்தம். ஒன்பதாவதுல அந்த நாலும் வராது. ஒன்பதாவதைப் படிங்க.

மூச்சுவிடு: பத்தாவது மட்டும் புத்தர் சொன்னது இல்லையா?

பாலிப்பித்தன்: ஒன்பதாவது.

கொடைரோடு: அந்தத் திராட்சை என்னாச்சு?

பாலிப்பித்தன்: முழுங்கிட்டேன்.

மூச்சுவிடு: நான் தியானத்துக்கு உட்கார்ற நேரம் ஆச்சு. அப்புறமா வந்து பதில் போடறேன்.

பாலிப்பித்தன்: போன மாசமும் இதையேதான் சொல்லிட்டுப் போனீங்க. நான் மறக்கல.